மேலே போன இரைப்பை

காஸ்த்ரோ மருத்துவமனையின் தகரக் கூரையில்
பதினோரு நாளாக மழை.
இரவு இரண்டு பத்துக்குத்
தீவிலிருந்து படகில் கொண்டுவந்தார்கள்
ஏதெல்மிரா வென்சூரை.
வயது எண்பத்திரண்டு.
கம்பளிச் சால்வையில் இன்னும் அடுப்புப் புகை.

குமட்டுகிறாள், எதுவும் வரவில்லை.
மூக்கு வழியே விட்ட குழாய்
பாதி தூரம் போய்
சுவரில் முட்டிய மாடுபோல் நின்றுவிட்டது.
சீட்டில் ‘இருதயம்’ என்று எழுதியிருந்தது.
ஆறு வருடமாக எல்லாச் சீட்டிலும் இருதயம்தான்.

இடது மார்பில் குழலை வைத்தேன்.
மூச்சு கேட்கவேண்டிய இடத்தில்
கொதிக்கும் சட்டியின் களகளப்பு.
இன்னொரு முறை வைத்தேன்.
நெஞ்சுக்குள்ளிருந்து
வயிறு பேசிக்கொண்டிருந்தது.

படத்தில்
ஒரு பெரிய காற்றுக் குமிழி, அடியில் நீர்மட்டம்.
இருதயம்
பேருந்தில் மூட்டைக்காரிக்கு இடம் விட்டவனைப்போல
வலப்பக்கம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

எப்போதாவது அடிபட்டதா?
இல்லை என்றாள்.
வலி ஒருமுறை வந்துபோன இடைவெளியில்,
“மாட்டுவண்டியின் ஏர்க்கால்.
கிழங்கு ஏற்றின வண்டி.
கொட்டகைச் சுவரோடு வைத்து நசுக்கியது.
கடைசிப் பையன் அப்போது கைக்குழந்தை.
விலா எலும்பு மூன்று.
துணியைக் கட்டிக்கொண்டு மறுநாளே கிழங்கு பொறுக்கினேன்.”

கைக்குழந்தைக்கு இப்போது நாற்பத்து மூன்று.
புந்தா அரேனாஸில் லாரி ஓட்டுகிறான்.

உதரவிதானம்.
பெயர் வைத்தவன்
கீழே படுத்து அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.
வயிற்றுக்குத்தான் அது கூரை,
நெஞ்சுக்குத் தரை.
அதில் விரலளவு கிழிசல்.
ஒவ்வொரு மூச்சும் இழுத்திருக்கிறது மேலே,
இருமலில் ஒரு விரற்கடை,
விறகு தூக்கியதில் ஒரு விரற்கடை.
சாப்பிட்டதும் மூச்சு முட்டும், பாதித் தட்டோடு எழுந்துவிடுவாள்.
அம்மாவுக்குக் குருவி வயிறு என்று
வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்:
முறுக்கிக்கொண்டிருக்கிறது, ரத்தம் போகவில்லை,
திறக்காவிட்டால் விடியாது.
திறந்தால்...
அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு ஓர் எண் தெரியும்.
நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.
லாரியின் வைப்பர் சத்தம் மட்டும்.

மயக்க மருந்து கொடுக்கும் நிபால்தோ
கோப்பில் வயதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.
அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள்.
“கீழே இறக்கிவிட்டால்
மில்காவோ தின்னலாமா?
முழுசாக ஒன்று?”
உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்பும் பிசைந்து சுடுவது அது.
தின்னலாம் என்றேன்.
வாக்குக் கொடுப்பது என் வழக்கமில்லை.

வயிற்றைத் திறந்தேன்.
இரைப்பை இருக்கவேண்டிய இடத்தில் இரைப்பை இல்லை.
கிழிசலின் விளிம்பு கயிறாய் இறுகியிருந்தது.
இழுத்தேன். வரவில்லை.
விளிம்பை இரு விரற்கடை வெட்டினேன்.
பெரிதாக்கினால்தான் மூட முடியும் என்பதை
ஒவ்வொரு முறையும் கை
தயங்கித்தான் நம்புகிறது.

வந்தது, கத்தரிக்காய் நிறத்தில்.
வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் போர்த்திவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்து நின்றோம்.
பத்து நிமிடம்.
கூரையில் மழை.
ஓரம் முதலில் சிவந்தது, அப்புறம் நடு.
உச்சியில் உள்ளங்கை அளவு சிவக்கவேயில்லை.
அதை வெட்டியெடுத்தேன்.
ஒன்பது தையல், கெட்டி நூல்.
கடைசித் தையலுக்கு முன்
அந்தத் துளை வழியே
இருதயம் துடிப்பதைப் பார்த்தேன்,
அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் கூச்சத்தோடு.

ஒடுங்கிக் கிடந்த நுரையீரல் உடனே விரியவில்லை.
நாற்பத்து மூன்று வருடம் மூலையில் குடியிருந்தது
கூடம் காலியானதும் வந்து கால் நீட்டிவிடுமா?
மூன்றாம் நாள் காய்ச்சல்.
ஐந்தாம் நாள் சுவாசக் குழாயை எடுத்தோம்,
ஆறாம் நாள் மறுபடி போட்டோம்,
பத்தாம் நாள் எடுத்தோம்.

இன்று பதினான்கு.
நான்கு கரண்டி சூப் உள்ளே போனது.
ஐந்தாவதை வாயருகே வைத்துக்கொண்டு
காத்திருந்தாள்,
மூச்சு முட்டுவதற்காக.
முட்டவில்லை.
அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.
கரண்டியைக் கிண்ணத்திலேயே சாய்த்துவிட்டு
“நாளைக்கு” என்றாள்.